குடியை விட்டவர் கவுன்சலரா?

ஒரு சின்னக் கற்பனை. உங்களுக்கு ஊர் திருப்பாலைவனம் பக்கம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். அண்ணன் மட்டும் இறால் விற்ற காசைக் கரையேறியதுமே குடித்துத் தீர்க்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு, பொன்னேரியில் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்து வருகிறீர்கள். 'போதை மறுவாழ்வு மையம்' என்று போர்டு. உள்ளே ஒருவர், "நான்தான் கவுன்சலர்" என்கிறார்.

யார் சொன்னது? பல் பிடுங்கப் பட்டம் வேண்டும். என்னைப் போன்ற பி.காம். ஆசாமி கம்பெனிக் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போட முடியாது, சி.ஏ. வேண்டும். குடிநோயாளியிடம் பேசுகிறவருக்கு?

முதல் பதில் அமெரிக்காவில் கிடைத்தது. 1935-ல் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்று இரண்டு பேர் சந்தித்தார்கள். இருவருமே மொடாக்குடியர்கள். ஒருவருக்கொருவர் பேசிப் பேசியே குடியிலிருந்து விலகி நின்றார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதை இதுதான்.

அட, பேச்சுக்கு இவ்வளவு சக்தியா? மினசோட்டா மாநிலத்தில், வில்மர் அரசு மனநல மருத்துவமனைக்காரர்கள் யோசித்தார்கள். குடியை விட்டவர்களையே வேலைக்கு வைத்தால் என்ன? அரசாங்க உத்தியோகம் என்றால் தகுதி எழுத வேண்டுமே! 1954-ல் எழுதினார்கள். பள்ளிப் படிப்பு, இரண்டு வருடம் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதே மினசோட்டாவுக்குப் பயிற்சிக்குப் போனார் சென்னையின் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி.ரங்கநாதன், டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் 1979-ல் குடி அவரைக் கொண்டுபோய்விட்டது. மறு வருடமே கணவர் பெயரில் சிகிச்சை அமைப்பு தொடங்கினார் சாந்தி. குடித்து மீண்டவர் அல்ல இவர், குடித்தவரோடு வாழ்ந்தவர். அனுபவத்தோடு படிப்பையும் சேர்த்துக்கொண்டார். 1989-ல் மஞ்சக்குடி கிராமத்துக்கே முகாமைக் கொண்டுபோனது அவரது அமைப்பு.

அனுபவம் மட்டும் போதாதா? போதாது. பல வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். பிரமை தட்டலாம். உயிரே போகலாம். 'எனக்கு நின்றதே' என்ற தைரியத்தில் அடுத்தவரை அறையில் பூட்டுகிற மனிதருக்கு இது தெரியுமா?

இதற்காகத்தான் 2009-ல் கொழும்புத் திட்ட அமைப்பு, போதை சிகிச்சை ஆலோசகர்களுக்கான சான்றிதழைத் தொடங்கியது. பரீட்சை உண்டு. வேலை பார்த்த அனுபவம் காட்ட வேண்டும். நெறிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும். குடித்து மீண்டவரும் எழுதலாம், படித்து வந்தவரும் எழுதலாம். இந்தியாவில் 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய சிகிச்சை மையங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது.

ஆகவே, அண்ணனை உள்ளே அனுப்புமுன் அந்த கவுன்சலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? ராத்திரி வலிப்பு வந்தால் எந்த டாக்டர் வருவார்? மையத்தின் பதிவுச் சான்றிதழ் எங்கே?

கோபித்துக்கொண்டால், திரும்பிப் பார்க்காமல் வெளியே வாருங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு.