மேரி ஷெல்லியின் நாட்குறிப்பு

'ஃபிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினத்தை இயற்றிய மேரி ஷெல்லி அம்மையார் 1814 முதல் 1844 வரை, இடையிடையே விட்டுவிட்டு, எழுதிவந்த நாட்குறிப்பேடுகள் இன்று அச்சில் கிடைக்கின்றன. அவருடைய உள்ளத்தை அறிய விரும்பி அவற்றைத் திறப்பவர் முதலில் ஏமாற்றமே அடைவர். வாசித்த நூல்களின் பெயர்கள், வந்துபோன நண்பர்கள், மேற்கொண்ட பயணங்கள் ஆகியவையே பெரும்பாலும் காணப்படும். துயரம் மிகுந்த நாட்களில் குறிப்பு மேலும் சுருங்குகிறது. சில வேளைகளில் முற்றிலும் நின்றுபோகிறது. அவ்வாறு அவர் எழுதாமல் விட்டவற்றையும் சேர்த்தே நாம் வாசிக்கவேண்டும்.

அவர் 1797 ஆகஸ்டு 30 அன்று இலண்டனில் பிறந்தார். பெண்களின் உரிமைக்காக வாதாடிய தாயார் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், செப்டம்பர் 10 அன்று பேறுகாலக் காய்ச்சலால் மரித்தார். தந்தை வில்லியம் காட்வின், ஆங்கிலத் திருச்சபையினின்று பிரிந்திருந்த சபையாரின் ஹாக்ஸ்டன் கல்லூரியில் பயின்று, சில காலம் போதகராகப் பணியாற்றியவர். பின்னர் விசுவாசத்தை இழந்து, பகுத்தறிவே மனிதனை உயர்த்தும் என்று கற்பித்த தத்துவ ஆசிரியர். மகள் 1814இல், மணமானவராகிய கவிஞர் ஷெல்லியுடன் வீட்டைவிட்டுச் சென்றபோது, அத்தந்தை அவளைக் காண மறுத்தார். 1816 டிசம்பர் இறுதியில் அவ்விருவரும் மணம் செய்துகொள்ளும்வரை அம்மறுப்பு நீடித்தது.

1815 பிப்ரவரியில், பதினேழு வயதில், மேரி குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தையை ஈன்றார். மார்ச் 6 அன்று அது இறந்தது. இரு வாரங்களுக்குப் பின் அவர் ஒரு கனவைக் குறித்து வைத்தார். குழந்தை உண்மையில் இறக்கவில்லை, குளிரால் விறைத்திருந்தது. கணப்பின் முன் வைத்துத் தேய்க்க, அது உயிர் பெற்றது. விழித்துப் பார்க்கையில் குழந்தை இல்லை. மறுஆண்டு ஜூன் மாதத்தில் ஜெனீவா ஏரிக்கரையில், உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் ஒருவனின் கதையை அவர் தொடங்கினார். அக்கதை பிறந்த விதத்தை 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் விரிவாகக் கூறும் அவர், இக்குழந்தையைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

கனவு ஒன்றிலிருந்தே புதினம் தோன்றிற்று என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. மில்டனின் காவியமும், அக்கால மின்சார ஆராய்ச்சிகளைப்பற்றிய உரையாடல்களும் அதில் கலந்துள்ளன. எனினும் பிரசங்கங்களில் இந்நூல் விஞ்ஞானியின் அகந்தைக்கு மட்டுமே உதாரணமாக எடுத்தாளப்படுவது பொருத்தமன்று. (ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று கூறுவோரும் உண்டு, அது படைத்தவனின் பெயர்.) அவன் உயிரைப் படைத்தது ஒருபுறமிருக்க, படைத்தபின் அதை விட்டு ஓடிப்போனதே கதையில் எல்லாக் கேட்டிற்கும் வித்தாகிறது. கைவிடப்பட்ட அவ்வுயிருக்குப் பெயரும் இல்லை. 1815இல் மரித்த குழந்தைக்கும் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை.

நூல் 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயரின்றி, ஐந்நூறு படிகளே அச்சாகி வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மகள் கிளாரா வெனிசு நகரில் இறந்தாள். 1819 ஜூன் 7 அன்று மூன்று வயது மகன் வில்லியம் ரோமாபுரியில் இறந்தான். நாட்குறிப்பு நின்றது. கணவரின் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 4 அன்று அதை மீண்டும் தொடங்கியபோது, அவருடன் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் அழிக்கப்பட்டால் தாம் மகிழக்கூடும் என்னும் கருத்தை எழுதினார்.

அந்நாட்களில் தந்தையிடமிருந்து கடிதம் வந்தது. துக்கத்திற்கு இடங்கொடுப்பது தன்னலம் என்றும், இப்படியே இருந்தால் உற்றாரும் அவளைச் சகிக்கமாட்டார்கள் என்றும் காட்வின் கண்டித்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர். கடன் தொல்லையால் அலைக்கழிக்கப்பட்டவர். மகளின் அறிவாற்றலில் பெருமை கொண்டவர். ஆயினும் போதகப் பணியைக் கைவிட்டவர், கடிந்து போதிக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. யோபுவின் நண்பர்களாவது முதல் ஏழு நாட்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேரி அம்மாதங்களில் 'மத்தில்டா' என்னும் சிறு புதினத்தை எழுதித் தந்தைக்கு அனுப்பினார். தகாத ஆசை கொண்ட ஒரு தந்தையையும் அதனால் பாழான மகளின் தனிமையையும் பற்றிய அக்கதையை அவர் அருவருத்தார். பதிப்பிக்கவில்லை, கேட்டும் திருப்பித் தரவில்லை. அது 1959இல்தான் அச்சேறியது.

1822 ஜூலை 8 அன்று ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். அக்டோபரில் மேரி புதிய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, அதற்குத் துயரத்தின் குறிப்பேடு என்று பெயரிட்டார். முன்பு ஒரு வரியில் அடங்கிய துக்கம் இப்போது பக்கம் பக்கமாகப் பெருகுகிறது. எட்டு ஆண்டுகள் உரையாடிய துணைவர் போனபின், கேட்பதற்கு அந்த வெற்றுத்தாளே எஞ்சியிருந்தது.

அம்மையார் 1851 பிப்ரவரி 1 அன்று காலமானார். ஓராண்டுக்குப் பின் குடும்பத்தார் அவருடைய எழுதுபெட்டியைத் திறந்தனர். கணவரோடு சேர்ந்து எழுதிய ஒரு குறிப்பேடும், பட்டில் பொதிந்த அவருடைய சாம்பலும், இறந்த குழந்தைகளின் தலைமயிர்ச் சுருள்களும் அதில் இருந்தன.