அந்த ஒரு குதிரைப் பல்

அமெரிக்காவுக்குக் குதிரையைக் கொண்டுபோனது யார் என்று வகுப்பில் கேட்டால், "ஸ்பானியர், சேர்" என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். நானும் பல வருடமாக அப்படித்தான் படிப்பித்தேன். கொலம்பஸ் 1493இல் தனது இரண்டாவது பயணத்தில் குதிரைகளை ஏற்றிச் சென்றார். அதில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை ஒரு பல்லில் இருக்கிறது.

1833 ஒக்டோபர். சார்ள்ஸ் டார்வினுக்கு அப்போது வயது 24. ஆர்ஜென்டீனாவில் பரானா ஆற்றங்கரையில் உள்ள பஹாடா என்ற ஊருக்குச் சுகமில்லாமல் வந்து சேர்கிறார். ஐந்து நாள் தங்கல். அங்குள்ள மண்படையில் ஒரு பெரிய விலங்கின் ஓடு கிடைக்கிறது. அழிந்துபோன இராட்சத ஆர்மடில்லோ வகை அது. உள்ளே இருந்த மண்ணை எடுத்தால் கிடாரம் மாதிரி இருந்ததாம். (நம்ம கல்யாண வீட்டுக் கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) அதே படையில் மாஸ்டடோன் என்ற யானையினப் பற்களும், கூடவே ஒரேயொரு குதிரைப் பல்லும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். டார்வின் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. ஸ்பானியரின் குதிரை ஒன்று செத்து, அதன் பல் மழைவெள்ளத்தில் வந்து இங்கே புதைந்திருக்கலாமே? மற்ற எலும்புகள் இருந்த அதே படையில்தான் பல்லும் புதைந்திருந்ததா என்று கவனமாகப் பார்த்தார். கறையும் உக்கலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. அப்படியானால் எல்லாம் ஒரே காலத்தவை.

அவர் பஹியா பிளாங்காவில் முன்னரே சேகரித்த உயிர்ச்சுவடுகளிலும் ஒரு குதிரைப் பல் இருந்தது. கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்ததால் அப்போது அவருக்கே தெரியவில்லை! ரிச்சர்ட் ஓவன் இரண்டையும் ஆராய்ந்து குதிரையின் பற்கள்தான் என்று உறுதிப்படுத்தினார்.

பிறகு வட அமெரிக்காவில் கிடைத்த உயிர்ச்சுவடுகள் முழுக் கதையையும் சொல்லின. குதிரைக் குடும்பம் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது, நாயளவு உருவத்தில். இலை தின்ற காலத்தில் பல் குட்டை. புல்லுக்கு மாறியபின் தேய்மானத்தைத் தாங்க நெட்டையானது. தரைப்பாலம் வழியாக ஆசியாவுக்கும் பரவியது. சொந்த மண்ணில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. காலநிலையா, மனித வேட்டையா என்பதில் இன்றும் வாதம்தான். ஆக, ஸ்பானியர் கப்பலில் போனது பூர்வீக வீட்டுக்குத் திரும்பிய பேரப்பிள்ளை.

ஒரு மாணவன் மடகஸ்காரில் இருந்து வந்த, பளபளவென்று மினுக்கிய அம்மோனைட் ஓடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல அழகு. எந்த ஊர், எந்தப் படை என்று கேட்டேன். பெட்டியில் விலை மட்டும்தான் இருந்தது. பஹாடாப் பல்லும் இப்படிக் கைமாறி வந்திருந்தால், ஸ்பானியர் குதிரையின் பல் என்றே தூக்கி எறிந்திருப்பார்கள்.

கதையைக் கேட்டுவிட்டு அவன் கேட்டான், "அப்ப பரீட்சையில என்ன சேர் எழுதுற?"

"ஸ்பானியர் என்றே எழுது. 'மீண்டும்' என்ற சொல்லை மட்டும் முன்னால சேர்த்துக்கொள்" என்றேன்.