எவரெஸ்டைக் கண்ட கமராக்கள்

1921 இல் எவரெஸ்டை ஆராயச் சென்ற பிரித்தானியக் குழுவில், மலோரி தமது கமராவில் கண்ணாடித் தகடுகளை முன்பின்னாக மாற்றி இட்டுவிட்டார். எடுத்த படங்கள் வீணாகி, இயன்றவற்றை எடுக்க மறுபடியும் மலையேறினார். படச்சுருள் இல்லாத கமராவுடன் செய்தி சேகரிக்கப் போனவர்களோடு வேலை பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே குழுவில் கனடிய நில அளவையாளர் வீலர் நடந்தே படமெடுத்து, கிழக்கு ரொங்புக் பனியாற்று வழியைக் கண்டறிந்தார்.

1933 ஏப்ரல் 3 ஆம் திகதி, பீகாரின் பூர்ணியாவுக்கு அருகிலிருந்து புறப்பட்ட இரு விமானங்கள் எவரெஸ்டின் மேலாகப் பறந்தன. செலவை ஏற்றவர் சீமாட்டி ஹூஸ்டன். படப்பிடிப்பாளர் பொனெட்டின் ஒட்சிசன் குழாய் வெடித்தது. கைக்குட்டையால் அதைக் கட்டியவர் மயங்கிச் சாய்ந்தார். நல்லவேளையாக உயிர் தப்பினார். ஆனால் தூசிப்புகார் தாழ்நிலத்தை மறைத்ததால், அளவைப் படங்கள் உதவவில்லை. ஏப்ரல் 19 இல் தடையுத்தரவை மீறி மீண்டும் பறந்தார்கள்.

அப்படங்கள் இலண்டனில் றோயல் புவியியற் கழகத்தில் முடங்கிக் கிடந்தன. திபெத் வழி அடைபட்டிருந்த 1951 இல், மைக்கல் வார்ட் என்ற இளம் வைத்தியர் அவற்றையும், பின்னர் எடுக்கப்பட்ட விமானப் படங்களையும் தேடியெடுத்து, நேபாளப் பக்கம் ஒரு பாதை சாத்தியம் என்று வாதிட்டார். இடமில்லை என்று பழைய படங்களை எறிந்த ஆசிரியபீடங்களை நான் அறிவேன். 1953 மே 29 இல் ஹிலாரியும் டென்சிங்கும் ஏறியது அந்தத் தென்புறத்தால்தான்.