டீசல் பிக்கப்பில் ஆக்சில் கியரை மாற்றினால் மைலேஜ் கூடுமா? போட்ட பணம் திரும்புமா?

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் பலர், டீசல் விலை ஏறும்போதெல்லாம் யோசிக்கும் ஒரு வேலை இது. இன்ஜினைத் தொடாமல், பின் ஆக்சிலைத் திறந்து உள்ளே இருக்கும் கியர் ஜோடியை மட்டும் மாற்றுவது. '4.10 கியரை எடுத்துட்டு 3.54 போட்டா டீசல் மிச்சமாகும்' என்பது அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் செலவழிக்கும் பணத்துக்கு ஏற்ற லாபம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆக்சில் ரேஷியோ என்றால் என்ன?

கியர்பாக்ஸில் இருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது சுற்றுவது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை. அது கிரவுன். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் 'கிரவுன் பினியன்' என்று சேர்த்துச் சொல்வது இந்த ஜோடியைத்தான்.

கிரவுனின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது ரேஷியோ. கிரவுனில் 41 பற்கள், பினியனில் 10 பற்கள் என்றால் 4.10. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும். 39 பற்களும் 11 பற்களும் என்றால் 3.54.

எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், இன்ஜினும் அதிகமாகச் சுற்றும். எண் சிறிதாக இருந்தால் இழுவை குறையும், அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாக ஓடும். மைலேஜ் ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு சுற்று குறையும்?

1990-களின் பிற்பகுதியில் வந்த டாட்ஜ் ராம் 2500 வண்டியை எடுத்துக்கொள்வோம். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். டாப் கியரின் விகிதம் 0.69. டயர் அளவு 245/75 ஆர்16. இந்த டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.43 மீட்டர் உருளும்.

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனால் கணக்கு இப்படி வரும்:

• 4.10 ஆக்சில்: நிமிடத்துக்கு சுமார் 2,330 சுற்று
• 3.54 ஆக்சில்: நிமிடத்துக்கு சுமார் 2,010 சுற்று

சுமார் 14 சதவீதம் குறைகிறது. இந்த இன்ஜின் தன் முழு இழுவையைக் காட்டுவது 1,600 சுற்றுக்கு அருகில். அந்த இடத்தை நோக்கி இறங்கி வருவது நல்லதுதான். பிஸ்டன், பேரிங், ஆயில் பம்ப் ஆகியவற்றின் உராய்வுக்குப் போகும் சக்தி குறையும். சத்தமும் குறையும்.

14 சதவீத மைலேஜ் கூடுமா?

கூடாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

வேகமாகப் போகும் பிக்கப்பைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் காற்று. அடுத்தது டயரின் உருளல் எதிர்ப்பு. கியரை மாற்றினாலும் இந்த இரண்டும் துளிகூட மாறாது. 120 கி.மீ. வேகத்தில் வண்டியைத் தள்ளத் தேவையான சக்தி அப்படியே இருக்கும். மிச்சமாவது இன்ஜினின் உள் உராய்வில் ஒரு பகுதி மட்டுமே.

இன்னொரு விஷயம். பெட்ரோல் இன்ஜின் காற்றை உள்ளே இழுப்பது த்ராட்டில் வால்வு வழியாக. பாதி மூடிய வாசல் வழியே மூச்சு விடுவது போல, அதற்கே கொஞ்சம் சக்தி வீணாகும். சுற்று குறைந்தால் அந்த நஷ்டமும் குறையும். இந்தப் பழைய டீசல் இன்ஜினில் அப்படி ஒரு தடை இல்லை. போகும் டீசலின் அளவை வைத்துத்தான் சக்தி கூட்டிக் குறைக்கப்படுகிறது. அதனால் பெட்ரோல் வண்டிக்குக் கிடைக்கும் அளவு லாபம் டீசல் வண்டிக்குக் கிடைக்காது.

பணக் கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வண்டி லிட்டருக்கு 7.2 கி.மீ. கொடுக்கிறது, கியர் மாற்றிய பிறகு 7.6 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 கி.மீ. ஓட்டம்.

முன்பு தேவைப்பட்டது 3,333 லிட்டர். இப்போது 3,158 லிட்டர். மிச்சம் 175 லிட்டர். லிட்டர் ஒரு டாலர் என்றால் ஆண்டுக்கு 175 டாலர். கியர் செட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 2,000 டாலர் ஆனால், போட்ட பணம் திரும்ப 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு 60,000 கி.மீ. ஓடும் வண்டி என்றால் சுமார் நாலரை ஆண்டில் திரும்பிவிடும்.

நான்கு சக்கரமும் இயங்கும் 4x4 வண்டிக்கு செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம், முன் ஆக்சிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியே ஆக வேண்டும். பின்னால் 3.54, முன்னால் 4.10 என்று விட்டுவிட்டு நல்ல ரோட்டில் 4x4 போட்டால், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும் அபாயம் உண்டு.

செலவில்லாத வழி ஒன்று இருக்கு

அதே 4.10 ஆக்சிலோடு, வேகத்தை 120-ல் இருந்து 105 கி.மீ.க்குக் குறைத்தால்? இன்ஜின் சுற்று சுமார் 2,040-க்கு இறங்கிவிடும். 3.54 கியர் போட்டு 120-ல் போகும்போது வரும் சுற்றுக்கு இது கிட்டத்தட்ட சமம்.

கூடுதலாக இன்னொரு லாபம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் மாறும். அதனால் 15 கி.மீ. வேகம் குறைத்தால் காற்றின் இழுப்பு சுமார் 23 சதவீதம் குறைகிறது. கியர் மாற்றத்தால் இதைத் தர முடியாது. 100 கி.மீ. தூரப் பயணத்தில் இதற்காகக் கூடுதலாக ஆகும் நேரம் சுமார் 7 நிமிடம்.

லோடு ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது

எண் குறைந்த ரேஷியோ போட்டால் இழுவை குறையும். அமெரிக்க பிக்கப்களில் ஒரே இன்ஜினுக்கு வெவ்வேறு ஆக்சில் ரேஷியோ கொடுக்கும்போது, எண் குறைந்த வண்டிக்கு டிரெய்லர் இழுக்கும் வரம்பையும் கம்பெனிகள் குறைத்தே குறிப்பிடுகின்றன.

கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக சுமார் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அந்த ஏற்றத்தில் டிரெய்லரோடு போகும் வண்டி டாப் கியரில் திணறினால், ஆட்டோமேட்டிக் கீழ் கியருக்கு இறங்கும். இன்ஜின் சுற்று மறுபடி ஏறும். டீசல் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். கியரை இறக்காமல் குறைந்த சுற்றில் திணறவிட்டால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அது பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் நல்லதல்ல.

பெரிய டயர் போட்டவர்களுக்கு?

டயர் பெரிதானால் ஆக்சில் எண் குறைந்தது போன்ற விளைவு தானாகவே வரும். கம்பெனி டயர் 31.6 அங்குலம், ஆக்சில் 3.73 என்ற வண்டியில் 35 அங்குல டயர் போட்டால், நடைமுறையில் அது 3.37 ஆகிவிடும். ஏற்கனவே இழுவை போய்விட்ட அந்த வண்டிக்கு 4.10 கியர் போட்டால்தான் பழைய நிலைக்குப் பக்கத்தில் வரும். இவர்கள் எண்ணைக் கூட்டுவதே சரி.

மாற்றியே தீர வேண்டும் என்றால்...

• முதலில் இப்போதைய ரேஷியோவை உறுதி செய்யுங்கள். ஆக்சில் கவர் போல்ட்டில் சிறு தகடு இருக்கலாம். இல்லையென்றால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஸ்டாண்டில் தூக்குங்கள். அதை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணலாம். லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இது பொருந்தும்.

• பினியன் ஆழம், பற்களுக்கு இடையிலான இடைவெளி, பேரிங் இறுக்கம் ஆகியவற்றை டயல் கேஜ் வைத்து அளந்து பொருத்த வேண்டும். குத்துமதிப்பாகப் பொருத்தினால் ஆக்சில் ஊளையிடும். சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

• புது கியர் போட்டதும் லோடு இழுக்கக் கூடாது. முதல் 800 கி.மீ. நிதானமாக ஓட்டி, கியர் ஆயிலை மாற்றுவது வழக்கம்.

• கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்து ஸ்பீடோமீட்டர் அளவு எடுக்கும் வண்டிகளில் கணக்கு தப்பும். 4.10-ல் இருந்து 3.54-க்கு மாற்றிவிட்டு சரிசெய்யாமல் விட்டால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 116-ல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். மைலேஜ் பார்க்கும் முன் ஜி.பி.எஸ். வைத்து தூரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

யாருக்கு லாபம்?

பெரும்பாலும் காலியாக, சமவெளி நெடுஞ்சாலையில், ஆண்டுக்குப் பல்லாயிரம் கி.மீ. ஓடும் 4x2 வண்டிக்கு இது பொருந்தும். பேரிங் போய் ஆக்சிலை எப்படியும் திறக்க வேண்டிய நேரத்தில் மாற்றினால் கூலி மிச்சம். தேவையான ரேஷியோவோடு நல்ல நிலையில் முழு ஆக்சில் பழைய வண்டிகளைப் பிரிக்கும் யார்டில் கிடைத்தால், அதை அப்படியே மாட்டுவது இன்னும் மலிவாக முடியலாம்.

மற்றவர்கள் கியருக்குப் பணம் கட்டும் முன், ஒரு டேங்க் டீசலை 105 கி.மீ. வேகத்திலேயே ஓட்டித் தீர்த்துப் பார்க்கலாம். அதில் வரும் மைலேஜைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒர்க்‌ஷாப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.