மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் போரையும் இடப்பெயர்வையும் எழுதுவர். மோட்டார் வண்டியின் முன்மூடிக்குள் நிகழ்ந்த வரலாற்றை எழுதுவோர் அரியர். ஆயினும், 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனை சேர்ப்பது பல கிராமங்களில் ஒரு பழைய எஞ்சினின் ஆயுளையே நம்பியிருந்தது.

அவ்வண்டிகள் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய ஆங்கிலேயக் கார்கள். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1952இல் அதற்கு 803 கன சென்றிமீற்றர் எஞ்சினும், 1956இல் 948 கன சென்றிமீற்றர் எஞ்சினும் பொருத்தப்பட்டன. 1960களில் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியதனால், வாங்கிய வண்டியைப் பேணிக் காக்கும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. யாழ்ப்பாணத்தார் அவ்வழக்கத்தைப் பின்னாளிலும் விடவில்லை. அது சிக்கனமா, பற்றா என்று பிரித்தறிவது கடினம்.

1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடன் கிடைத்தது. ஆகவே கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; எனவே சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறை புதிதன்று. இங்கிலாந்தில் பேர்குசன் உழவு இயந்திரத்தில் 1949இலேயே இவ்வகை எரிபொருளுக்கென ஒரு மாதிரி விற்பனைக்கு வந்தது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அமுக்கம் குறைத்துச் செய்யப்பட்டது; யாழ்ப்பாணத்துக் காருக்கு அந்த வசதி இல்லை. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். 803 எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2, அதற்குப் பின் வந்த 948இன் விகிதம் 8.3. இந்த ஒரு விடயத்தில் மூத்த எஞ்சினே மேலானது.

இனி, எஞ்சினின் முன்புறத் தகட்டு மூடிக்குள் மறைந்திருக்கும் 'ரைமிங் செயினை'க் கவனிக்கலாம். கிராங்குத் தண்டு இருமுறை சுழலக் காம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். அந்த ஒழுங்கை இச்சங்கிலியே காக்கின்றது. வால்வுகள் திறப்பதும் மூடுவதும் இதன் கையில். மைனர் எஞ்சினில் இது ஒற்றைச் சங்கிலி. அதன் அதிர்வைத் தணிக்கப் பற்சில்லில் றப்பர் வளையங்கள் இருந்தன. போட்டி ஓட்டத்துக்கென இதே எஞ்சினை வலுவூட்டிய ஆங்கிலேயர் இரட்டைச் சங்கிலியை நாடினர்.

சங்கிலி நீண்டுவிட்டது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகள் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலும், ஐம்பது கண்ணிகளில் அது அரை மில்லிமீற்றர் ஆகிவிடும். அப்போது காம் தண்டு பின்தங்கும். வால்வுகள் பிந்தித் திறந்து பிந்தி மூடும். தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரும் காம் தண்டிலிருந்தே ஓடுவதால் பொறியும் பிந்தும். மண்ணெண்ணெய்க்குப் பொறி சற்றுப் பிந்துவதே நல்லது. ஆதலின் தளர்ந்த சங்கிலி தட்டும் ஓசையை ஓரளவு அடக்கி, தன் குற்றத்தையும் மறைத்துவிடும்! வண்டி சாந்தமாக ஓடுகின்றதே என மகிழ்ந்த சாரதிக்குக் காலையில் எஞ்சினை எழுப்பும்போதுதான் உண்மை தெரியும். அமுக்கம் குன்றிய எஞ்சினுக்கு அந்த அரிய பெற்றோல் கூடுதலாகத் தேவைப்படும்.

சங்கிலிக்குப் பெரும்பகை வேறொன்று. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து அடித்தொட்டியிலுள்ள ஒயிலுடன் கலக்கும். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறையாதிருக்கும், சில வேளை கூடியும் இருக்கும். அறியாதவர் அதை நற்குறியென்பர். ஆனால் நீர்த்த ஒயிலால் ஊசிகளுக்கும் புதைகளுக்கும் இடையே தாங்கும் படலம் அமைவதில்லை. உலோகம் உலோகத்தை உரசும். இதற்கு மருந்து ஒயிலை அடிக்கடி மாற்றுவது. தடைக்காலத்தில் ஒயிலும் அருமை. ஒயிலை மாற்றாவிட்டால் சங்கிலியும் பெயரிங்குகளும் தேயும். மாற்றினால் அடுத்த முறைக்கு ஒயில் இராது. புதுச் சங்கிலிக்கோ வழியே இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவிலும் கால்நடையாகச் சென்றோரே மிகப் பலர்.

2002ஆம் ஆண்டு ஏப்பிரலில் முகமாலை வழியாக ஏ-9 வீதி திறந்தது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வந்தன. பின்னால் ஜப்பானிய வான்களும் வந்தன. எனினும் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் உடனே தெருவைவிட்டு அகலவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரும் அவற்றிற் சில யாழ் நகரில் வாடகைக்கு நின்றன.