அடிவானத்தில் பூமியின் வளைவு தெரியுமா? உயரமும் கோணமும் கூறும் விடை

கடற்கரையில் நின்று பார்த்தபோது அடிவானம் மெல்ல வளைந்திருந்ததைக் கண்டதாகப் பலர் கூறுவதுண்டு. அதே கோடு அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருப்பதைச் சுட்டிக்காட்டி, பூமி தட்டையானது என்று வாதிடுவோரும் உள்ளனர். கணக்கிட்டுப் பார்த்தால், இரு தரப்பினருமே வளைவைத் தவறான திசையில் தேடுகின்றனர் என்பது புலப்படும்.

கண் மட்டம் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அடிவானம் சுமார் 4.7 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. எத்திசையில் திரும்பினாலும் தொலைவு இதுவே. அதாவது, அடிவானம் ஒரு வட்டம். பார்ப்பவர் அதன் நடுவே நிற்கிறார். ஏறத்தாழ வட்டத்தின் மட்டத்திலேயே கண் இருப்பதால் அது கோடாகத் தோன்றுகிறது. 60 பாகை அகலமுள்ள காட்சியில், இக்கோட்டின் நடுப்பகுதிக்கும் ஓரங்களுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ 75இல் ஒரு பங்கு மட்டுமே. கூரிய பார்வையாலும் நிலவின் அகலத்தில் 30இல் ஒரு பங்குக்கும் குறைவானதைப் பிரித்தறிய இயலாது. எனவே கடற்கரையில் வளைவைக் கண்டதாகக் கூறுவது மனத்தோற்றமே. அது தெரியாததைக் கொண்டு பூமி தட்டை என முடிவு செய்வதற்கும் அடிப்படை இல்லை.

வளைவு வெளிப்படுவது இடவலமாக அன்று, மேல்கீழாக. உயரே செல்லச் செல்ல, கண் மட்டத்திலிருந்து அடிவானம் கீழே இறங்குகிறது. தமிழில் இதனைத் தொடுவானம் என்றும் அழைக்கிறோம். வானம் எதையோ தொடும் நிலையான ஓர் இடம் என்ற எண்ணத்தை அச்சொல் ஏற்படுத்திவிடுகிறது. உண்மையில், பார்ப்பவரின் உயரத்துக்கேற்ப அந்த எல்லை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த இறக்கத்தைக் கொண்டே பூமியின் அளவைக் கணக்கிட்டவர் அல் பிரூனி. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள நந்தனா கோட்டை அருகே, சமவெளியை நோக்கி நின்ற மலையை அவர் தேர்ந்தெடுத்தார். முதலில் மலையின் உயரத்தை அளந்தார். அது 652 முழம். பின்னர் உச்சியில் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். விடை, அரைப் பாகையைவிடச் சற்று அதிகம். அவ்விரு எண்களே பூமியின் ஆரத்தைக் கணக்கிடப் போதுமானவையாக இருந்தன. அவருடைய விடை இன்றைய 6,371 கிலோமீட்டருக்கு மிக நெருக்கமானது எனப் பலரும் எழுதுகின்றனர். ஆனால் அவர் பயன்படுத்திய முழத்தின் நீளத்தை எவ்வளவாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த நெருக்கம் மாறும். காற்றில் ஒளி வளைவதும் அளவீட்டைப் பாதிக்கக் கூடியது. முறையின் நுட்பத்தை இவை குறைத்துவிடவில்லை.

விமானப் பயணிகளின் அனுபவம் வேறு. இது குறித்து டேவிட் லிஞ்ச் என்ற ஆய்வாளர் 2008ஆம் ஆண்டு ‘அப்ளைடு ஆப்டிக்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வெறுங்கண்ணால் வளைவை உணரச் சுமார் 35,000 அடி உயரம், அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகவேனும் தேவை. அப்போதும் 60 பாகை அகலமான காட்சியும் மேகமற்ற அடிவானமும் வேண்டும் என்பது அவரது முடிவு. அந்த உயரத்தில் அடிவானம் சுமார் 3.3 பாகை இறங்கியிருக்கும். அகன்ற காட்சியில் வளைவு ஒரு முழுநிலவின் அகல அளவுக்கு வரும். எனினும் சிறிய சன்னல் வழியே 30 பாகை மட்டுமே தெரியுமானால், அது நிலவின் கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரே விமானத்தில் சென்ற இருவரில் விமானியறையில் அமர்ந்தவர் கண்டதைப் பின்னிருக்கைக்காரர் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

புகைப்படங்களை நம்புவதிலும் கவனம் தேவை. அகலக் கோண வில்லைகள் நேர்கோட்டையும் வளைத்துக் காட்டும். படத்தின் நடுப்பகுதிக்கு மேலே அடிவானம் அமைந்தால் அது வில்லைப்போல் மேல்நோக்கி வளையும். கீழே அமைந்தால் கிண்ணம்போல் குழியும். அடிவானம் படத்தின் சரியான மையத்தின் வழியே செல்லும்போது மட்டுமே வில்லையின் குறுக்கீடு நீங்குகிறது. ஆதலால், பகிரப்படும் படம் எதுவாயினும் கோடு எங்கே அமைந்துள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத படங்களும் உள்ளன. 1935 நவம்பர் 11 அன்று ‘எக்ஸ்புளோரர் 2’ பலூன் 22 கிலோமீட்டர் உயரத்தை எட்டியபோது எடுக்கப்பட்ட படத்தில் வளைவு தெரிந்தது. 1946இல் அமெரிக்கா ஏவிய வி-2 ராக்கெட் 100 கிலோமீட்டருக்கு மேலிருந்து படம் எடுத்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 20 பாகை அளவுக்குக் கீழே இருக்கும்.

தரையில் வாழ்வோருக்கும் இந்த இறக்கம் பயன்பாட்டு முக்கியத்துவம் கொண்டது. 828 மீட்டர் உயரமுள்ள துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடத்தின் மேல்தளங்களில் இருப்போருக்கு, தரையில் சூரியன் மறைந்த பின்னரும் அது தெரிந்துகொண்டிருக்கும். இதனால் 80ஆவது தளத்துக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150ஆவது தளத்துக்கு மேல் உள்ளோர் 3 நிமிடமும் தாமதித்தே ரமலான் நோன்பைத் துறக்க வேண்டும் என 2011ஆம் ஆண்டு துபாயின் தலைமை முஃப்தி அறிவித்தார்.