ஃபியூஸ் கட்டையின் கதை

"அவன் ஃபியூஸ் போன பல்புடா"ன்னு கிண்டல் பண்ண எல்லாருக்கும் தெரியும். ஆனா ஃபியூஸ் கட்டையை நேர்ல பார்த்திருக்கியான்னு ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்களைக் கேட்டா திருதிருன்னு முழிக்கிறாங்க. 140 வருஷத்துக்கு மேல வயசான இந்த ஐட்டத்தைப் பத்தித்தான் இன்னிக்கு மொக்கை. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பிசிக்ஸ், கொஞ்சம் ஸ்க்ரூடிரைவர் வேலை. பயப்படாம வாங்க.

எடிசன் நியூயார்க்ல பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையத்தை ஓட்ட ஆரம்பிச்சது 1882-ல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1880-ல, மின்விளக்குக் கம்பிகளுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஐடியா ரொம்ப சிம்பிள். லைன்ல வேணும்னே ஒரு நோஞ்சான் கம்பியைக் கோர்த்து விடு. கரண்ட் அளவுக்கு மீறினா அது உருகிச் செத்துப் போகும், மத்ததெல்லாம் பிழைச்சுக்கும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு ஆகும்கிறதால, நோஞ்சானுக்குத்தான் முதல்ல தாங்காது. பலவீனமா இருக்கிறதுதான் அதோட உத்தியோகமே!

நம்ம ஊர்ப் பக்கம் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்சு கோயமுத்தூர் மில்லுக்கெல்லாம் கரண்ட் குடுத்தது. மெட்ராஸ் மாநில மின்வாரியம் 1957-ல வந்தது. ஊருக்கு ஊர் கம்பம் நட்டு, வீட்டுக்கு வீடு ஒரு மரப்பலகை, அதுல கறுப்பு சுவிட்சு, பக்கத்துல வெள்ளைப் பீங்கான்ல ஃபியூஸ் கட்டை. பில்லு கட்டலைன்னா ஈ.பி.காரர் வந்து கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிடுவார். அந்த வீட்டு மானமே கட்டையோட போயிடும்.

ராத்திரி கரண்ட் போனா முதல்ல தெருவை எட்டிப் பார்க்கணும். எதிர் வீட்லயும் இருட்டுன்னா நிம்மதி. நம்ம வீட்ல மட்டும்னா, "ஏங்க, ஃபியூஸ் போயிடுச்சு போல." அப்பா ஸ்டூல் மேல, அம்மா மெழுகுவத்தியோட, நான் டெஸ்டரோட. எங்க வீட்ல மட்டும் இல்ல, அந்தக் காலத்துல பாதித் தமிழ்நாடு இப்படித்தான் ராத்திரி நின்னிருக்கும்.

இப்பதான் மேட்டரே. கட்டையில என்ன கம்பி போடுவோம்? ஈயம் பூசின செம்புக் கம்பின்னா 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் தடிமன், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர்னு பழைய கணக்கு. ஆனா கடைக்கு ஓடி யார் வாங்குறது? கிடக்கிற பழைய ஒயரை உரிச்சு ஒரு பிரி எடுத்துச் சுத்துறதுதான் வழக்கம். இதுல ஒரு சுவாரஸ்யம் பாருங்க. எலக்ட்ரீஷியன்கள் 23/76, 40/76-னு சொல்ற ஒயர்ல ஒவ்வொரு பிரியும் 0.0076 இஞ்ச். அதாவது சுமார் 0.19 மில்லிமீட்டர். ஆக ஒத்தைப் பிரி கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியேதான்! நம்ம ஆளுங்களோட ஜுகாடு தப்பே இல்ல. ஒத்தைப் பிரியோட நிறுத்தியிருந்தா.

நிறுத்தலையே. அயர்ன் பாக்ஸ் வந்துச்சு, மிக்ஸி, கிரைண்டர், கீசர் வந்துச்சு. 2000 வாட்ஸ் கீசர் ஒண்ணே 8 ஆம்பியருக்கு மேல இழுக்கும். கட்டை அடிக்கடி போச்சு. "சனியன், சும்மா சும்மா போகுது"ன்னு ரெண்டு பிரி, மூணு பிரின்னு முறுக்கி விட்டோம். அப்புறம் கட்டை போகவே இல்ல. பிரச்சினை தீர்ந்துச்சா? ஃபியூஸ்தான் தடிச்சுது, சுவத்துக்குள்ள ஓடுற ஒயர் அதேதான். இப்ப லைன்லயே நோஞ்சான் யாரு? அந்த ஒயர். அது உருகினா கட்டைக்குள்ள இல்ல, சுவத்துக்குள்ள தீ.

நம்ம தொழில்ல எர்ரர் வந்தா அதை வெறும் கேட்ச் பிளாக் போட்டு முழுங்கிட்டு "ஃபிக்ஸ் பண்ணியாச்சு"ன்னு மெயில் அனுப்புறோம்ல, அதே கதை.

இன்னொண்ணு. ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரை, மனுஷனை இல்ல. பெர்க்லி பல்கலைக்கழகத்துல சார்லஸ் டால்சீல்னு ஒரு பேராசிரியர், 1940-கள்ல தன்னார்வலர்கள் மேல ஷாக் சோதனை பண்ணி, பிடிச்ச கம்பியை ஒரு மனுஷனால விட முடியுற கரண்ட் எவ்வளவுன்னு அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. நம்ம கட்டையோ 5000 மில்லிஆம்பியர்! மனுஷன் துடிக்கிறதே அதுக்குத் தெரியாது.

அப்ப எர்த் எதுக்கு? ஃபிரிட்ஜ் பாடியில கரண்ட் கசிஞ்சா எர்த் வழியா நிறைய ஓடி ஃபியூஸ் போகணும், அதுதான் திட்டம். ஆனா கோடையில எர்த் குழி காஞ்சு அதோட தடை 23 ஓம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். 230 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர்தான் ஓடும். ஒத்தைப் பிரி மெதுவா உருகினாலும் உருகும். மூணு பிரி? கல்லு மாதிரி நிக்கும். ஃபிரிட்ஜ் பாடியும் உயிரோட நிக்கும், தொடுற குழந்தைக்காக. எர்த் குழியில எங்க பாட்டி தெனமும் ஒரு குடம் தண்ணி ஊத்தினது சும்மா இல்ல.

தீர்வும் அதே டால்சீல்கிட்ட இருந்துதான். 1961-ல அவர் உருவாக்கின கருவி, போன கரண்ட் பூரா திரும்பி வந்துச்சான்னு சரிபார்க்கிற கணக்குப்பிள்ளை. அஞ்சாறு மில்லிஆம்பியர் குறைஞ்சாலே லைனைத் துண்டிச்சிடும். அதோட சொந்தக்காரன்தான் நம்ம வீட்டு ஆர்சிசிபி. 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா 0.3 செகண்டுக்குள்ள கட். அமெரிக்க மின் விதிகள் 1975-ல பாத்ரூமுக்கும் 1987-ல சமையலறைக்கும் இந்த மாதிரிப் பாதுகாப்பைக் கட்டாயம் ஆக்கிடுச்சு.

போன வருஷம் ஊர் வீட்ல போர்டு மாத்தினோம். பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா, அதான். பழைய கட்டையைக் கழட்டினா மூணு பிரி. அப்பா சிரிச்சார். "அம்பது வருஷம் ஓடிச்சுல்ல?" ஆர்சிசிபி மாட்டின மூணாம் நாள் மழைக்கு அது விழுந்துச்சு. "இதைக் கழட்டிட்டு நேரா குடுக்கச் சொல்லுடா, சும்மா சும்மா விழுது." அட, அதே வசனம்! தேடினதுல மொட்டை மாடி மோட்டார் ஒயர்ல தோல் உரிஞ்சு தண்ணி இறங்கியிருந்தது. அம்மா துணி காயப் போடுற கம்பிக்கு ரெண்டடி தள்ளி. அப்பா ஒண்ணும் பேசல. அவரே போய் புது ஒயர் வாங்கிட்டு வந்தார்.

இன்னும் கட்டை இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு:

மெயினை ஆஃப் பண்ணாம கட்டையைத் தொடாதீங்க. கடையில ஃபியூஸ் கம்பின்னே கேட்டு, சரியான ஆம்பியர்ல வாங்குங்க. ஸ்க்ரூ திருகுற திசையிலயே கம்பியைச் சுத்துங்க, அப்பதான் முறுக்கும்போது உள்ள இழுக்கும். விறைப்பா இழுத்துக் கட்டாதீங்க. பீங்கான்ல ஒட்டியிருக்கிற உருகின செம்பைத் துடைச்சிடுங்க. மீட்டர் பக்கத்துல சீல் வெச்சிருக்கிற கட்-அவுட் ஈ.பி.யோடது, அதுல கை வைக்காதீங்க. புது கம்பியும் உடனே போச்சுன்னா தடிமனான கம்பியைத் தேடாதீங்க, எதுக்குப் போச்சுன்னு தேடுங்க.

ஆர்சிசிபி மாட்ட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அதுல 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்துங்க. விழுந்தா நல்லது, வேலை செய்யுது. விழலைன்னாதான் பயப்படணும்.